சவரக்கத்தியும் எழுதா வித்தையும்



சென்ற தைத் திங்களில் நமது உறவினருள் ஓர் இளைஞன் எம்மிடம் வந்தான். அவன் நகரத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்து நன்றாகத் தொழில் நடத்துகிறவன். தன் பாட்டனார் காலத்து அடைப்பத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்ததாகவும், அதனுள் மடக்குச் சவரக்கத்தி ஒன்றும், தேய்ந்த தீட்டுக்கல் ஒன்றும், தோல்வார் ஒன்றும் இருக்கக் கண்டதாகவும் கூறி, அக்கத்தியை எம் கையிற் கொடுத்து, "தாத்தா, இதனைத் தீட்டவும் பிடிக்கவும் யாரிடம் கற்பது?" என்று வினவினான்.

யாம் உடனே விடை கூற இயலாதவரானோம். எம் தந்தையார் தோல்வாரில் கத்தியை ஓட்டும்பொழுது எழுந்த ஓசை இன்றும் எம் செவியில் உளது. ஆனால் அவர் செய்த முறை எம் கையில் இல்லை. யாம் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் பாதிப் பிளேடைப் பொருத்தும் கத்தி வந்துவிட்டமையால், தீட்டுதல் என்னும் வேலையே எமக்கு இல்லாதொழிந்தது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். யாம் கேட்டிலோம், அவரும் எழுதி வைத்திலர். அவ்விளைஞன் வினாவுக்கு யாம் பின்னர்த் தேடிய விடையே இக்கட்டுரையாகும்.

தொழிலின் பழைமை

மேனாட்டிலும் இத்தொழிலினர் ஒரு காலத்தில் முகம் மழிப்பவராக மாத்திரம் இருந்திலர். கட்டி கீறுதல், பல் பிடுங்குதல், இரத்தம் வாங்குதல் முதலிய இரண வைத்தியமும் அவர் கைப்பட்டதாகவே இருந்தது. இங்கிலாந்து தேசத்தில் எட்டாம் ஹென்றி அரசன் காலத்தில், 1540-ஆம் ஆண்டில், நாவிதரும் இரண வைத்தியரும் சட்டத்தினால் ஒரே சங்கமாக இணைக்கப்பெற்றனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, 1745-இல்தான் அவர்கள் பிரிந்தனர். பிரான்சு தேசத்திலே அப்பிரிவு 1743-ஆம் ஆண்டின் அரசாணையால் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் நம்மவர் மருத்துவர் என்று வழங்கப்பெறுதலும், நம் இல்லத்து மூதாட்டியர் மருத்துவச்சியராய் ஊரார் குழந்தைகளை முதன்முதற் கையில் ஏந்தியதும் யாவரும் அறிந்தனவே. கத்தியைக் கையாளத் தெரிந்தவன் உடம்பையும் அறிந்தவனாக இருந்தான் என்பதற்கு இரு தேசங்களும் சான்றாகும்.

இவ்விடத்து ஒருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். ஆம்புருவாஸ் பாரே என்பார் பிரான்சு தேசத்தில் நாவித வைத்தியராகத் தொழில் பயின்றவர். பிற்காலத்தில் அரசர் நால்வர்க்கு இரண வைத்தியராய் விளங்கியவர். அந்நாளிற் கற்றோர் மொழி இலத்தீன்; அம்மொழியை இவர் அறியார். ஆயினும் துப்பாக்கிக் காயங்களை ஆற்றும் முறையைப் பற்றித் தாம் போர்க்களத்திற் கண்டறிந்தவற்றைத் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே எழுதி 1545-ஆம் ஆண்டில் அச்சிடுவித்தார். இலத்தீன் அறியாதவன் நூல் எழுதலாமா என்று நாணி அவர் வாளாவிருந்திருப்பாராயின், அவர் கண்டறிந்தது அவரோடு மறைந்திருக்கும்.

தாமே மழிக்கத் தொடங்கிய ஒருவர்

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளுதல் இன்று மிக எளிய செயலாகத் தோன்றுகின்றது. முந்நூறு நானூறு ஆண்டுகட்கு முன் ஐரோப்பாவில் அஃது அத்துணை எளிதன்று. வசதியுள்ளோர் நாவிதரிடமேனும் வேலையாளிடமேனும் முகத்தைக் கொடுப்பர். இலண்டன் மாநகரிற் கடற்படை அலுவலகத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். 1662-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் நுரைக்கல்லால் முகத்தைத் தேய்த்து மயிரை நீக்கப் பழகியதாக அதிற் காண்கிறோம். பின்னர் 1664-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சவரக்கத்தியைத் தம் கையாலேயே எடுத்தார். காலமும் பணமும் மிஞ்சுகின்றன, இது மனத்துக்கும் மிக உவப்பாக இருக்கின்றது என்ற கருத்துப்பட அன்று குறித்து வைத்துள்ளார். தையற்காரர் ஒருவரின் மகனாகிய அவர், கைவேலையை இழிவென்று கருதாது, கற்ற மகிழ்ச்சியைக் குழந்தைபோல் எழுதி வைத்திருத்தல் படிப்போர்க்கு இன்பந் தருவதாகும்.

முதற் பாடநூல்

பீப்ஸ் தாமே தட்டித் தடவிக் கற்றார். பிறர்க்குக் கற்பிக்கும் நூலொன்று தோன்றப் பின்னும் நூறாண்டுகள் ஆயின. அதனைச் செய்தவர் பாரிசு நகரத்துக் கத்தி செய்யும் தொழிலாளர்களுள் ஒருவராகிய ழான் ழாக் பெர்ரே என்பவர். 1769-ஆம் ஆண்டு அவர் 'போகொனொதொமி' என்னும் நூலை வெளியிட்டார். தாடி மழித்தல் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். தன்னைத் தானே மழித்துக்கொள்ளக் கற்கும் கலை என்று அதற்கு மறுபெயரும் உண்டு. தீட்டுக் கற்களின் வகைகளை அறிவது எங்ஙனம், கத்தியைத் தீட்டும் தோலைப் பதப்படுத்துவது எங்ஙனம் என்பனவற்றையும் அந்நூலில் அவர் விளக்கினார். நூலின் இறுதியில் இரத்தம் வாங்குதலைப் பற்றிய ஒரு குறிப்பையும் சேர்த்தார். அந்நாளிலே கத்தியும் வைத்தியமும் எத்துணை நெருங்கியிருந்தன என்பது இதனாற் புலனாகும்.

அவர் அவ்வளவில் நின்றாரல்லர். தச்சனது இழைப்புளியைக் கண்டு, சவரக்கத்தியின் வாய்க்கும் மரத்தாலான காப்பு ஒன்று அமைத்தார். வாயின் சிறு பகுதி மாத்திரம் வெளியே நிற்குமாதலின் கத்தி தோலில் ஆழப் பதியாது. பின்னாளில் வந்த அபாயமற்ற சவரக்கருவிகளுக்கெல்லாம் இதனையே மூதாதை என்பர். 1771-ஆம் ஆண்டு முதல் அவர் எழுதிய கத்தி செய் தொழில் பற்றிய பெருநூலைப் பிரான்சு தேசத்து விஞ்ஞானக் கழகமே தன் கைத்தொழில் நூல்வரிசையில் ஏற்று வெளியிட்டது. உலைக்களத்தில் நின்றவன் எழுத்தைக் கற்றோர் அவை வாங்கி அச்சிட்டது என்பதை நம் இளைஞர் உள்ளத்திற் பதித்துக்கொள்க.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். "மழிக்கும் வித்தையை ஊரறியச் சொன்னவன் நாவிதர் பிழைப்பைக் கெடுத்தவனன்றோ? அவனை நம் ஏட்டிற் புகழலாமா?" என்று சிலர் கேட்பர். சரித்திரம் வேறு விடை கூறுகின்றது. பெர்ரே நூல் வந்தபின் நூற்று முப்பது ஆண்டுகள்வரை மேனாட்டு நாவிதர் கடைகள் நிறைந்தே இருந்தன. படித்து மழிக்க முயன்றவன், இவ்வேலை எத்துணை அரிது என்பதை முதல் நாளே அறிந்தான். அறியாதவன் இகழ்வான், சிறிதேனும் கற்றவன் மதிப்பான்.

எஃகும் தமிழ்நாடும்

மென்மையான இரும்பில் நுண்ணிய வாய் நில்லாது. கத்தியின் வரலாற்றைக் கூறப் புகின், எஃகின் வரலாற்றைக் கூறாது விடுதல் கூடாது. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், தம் கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடையாமையால், 1740-ஆம் ஆண்டை அடுத்து ஷெபீல்டு நகரருகே மண்மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். ஷெபீல்டுச் சவரக்கத்திகள் உலகப் புகழ் பெற்றமைக்கு அவ்வெஃகே அடிப்படை.

ஆனால் மூசையில் எஃகு செய்தல் தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. மேனாட்டார் அதனை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். உக்கு, உருக்கு என்னும் நம் நாட்டுச் சொற்களின் திரிபே அப்பெயர் என்பர். 1794-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இவ்வெஃகின் கட்டிகளை இலண்டன் இராயல் கழகத் தலைவர்க்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பார் அதனை ஆராய்ந்து அக்கழகத்தில் எழுதினார். இலண்டனில் சவரக்கத்தியும் இரண வைத்தியக் கருவிகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் இதனைப் பலகாலும் சோதித்து, ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகினும் இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடையின் விளம்பரச் சீட்டில் அச்சிட்டார்.

அவரோடு கூடி உழைத்தவர் பெயரைக் கேட்டால் வியப்புறுவீர். பிற்காலத்தில் மின்சார சாத்திரத்துக்குத் தந்தைபோல் விளங்கிய மைக்கேல் பாரடே என்னும் கொல்லன் மகனே அவர். இருவரும் 1820, 1822-ஆம் ஆண்டுகளில் தம் எஃகுச் சோதனைகளை வெளியிட்டனர். எஃகில் 500-இல் 1 பங்கு வெள்ளி கலத்தல் நலந் தரும் என்று அவர் கூற, 'வெள்ளி எஃகு' என்னும் பெயர் பொறித்த சவரக்கத்திகள் சந்தையை நிரப்பின. இச்சோதனைகளுக்கெல்லாம் தூண்டுகோலாக நின்றது நம் நாட்டு மூசையெஃகு என்பதை மறத்தற்கில்லை.

அவ்வெஃகைச் செய்த முறை யாது? நம் கொல்லர் எழுதிய ஏடு ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. சென்னை இராஜதானியில் கம்பெனி உத்தியோகம் விட்டு, சேலத்து இரும்புக் கனியை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டில் இரும்பு ஆலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதியதிலிருந்தே அதனை அறிகின்றோம். இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்கட்டையை மண்மூசையிலிட்டு, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரியுலையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் துருத்தியால் ஊதி, ஆறியபின் மூசையை உடைத்து அடியிலிருந்த எஃகுக் கட்டியை எடுப்பர் என்று அவர் விவரிக்கின்றார். நம் வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் உலகத்துத் தலைசிறந்த எஃகுக்கு உதவின. அதனை நாம் அயலார் எழுத்திற் படித்தே அறிய வேண்டியதாயிற்று. மலிந்த சீமை இரும்பு வந்து இறங்க, நம் உலைகள் 19-ஆம் நூற்றாண்டிற் பெரும்பாலும் அவிந்தன. உலையோடு கைப்பழக்கமும் அவிந்தது.

புதியவர்க்குச் சில பாடங்கள்

நிற்க. அவ்விளைஞனும் யாமும் விசாரித்துச் சென்று, அயலூரில் 80 வயது கடந்த நம்மவர் ஒருவரைக் கண்டோம். பெரியவர் கத்தியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்த்து, "இது செத்துப் போகவில்லை, தூங்குகிறது" என்றார். அவர் சொல்லியும் செய்தும் காட்டியவற்றைச் சுருக்கமாக ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, தீட்டுதல். கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியக் கிடத்துதல் வேண்டும். முதுகின் தடிப்பே வாயின் சாய்வை அளந்து கொடுக்குமாதலின், முதுகைத் தூக்குதல் கூடாது. கல்லில் வாய் முன்னாகச் செல்ல வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னாகச் செல்ல வேண்டும். தோலில் வாயை முன்னே செலுத்தினால் தோலும் அறும், வாயும் மழுங்கும். திருப்பும்போது முதுகின்மேற் புரட்டித் திருப்புக, வாயின்மேற் புரட்டற்க. தோல்வாரைத் தொய்ய விடாது இழுத்துப் பிடித்து, கையை அழுத்தாமல், ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் 30 முதல் 50 முறை ஓட்டுக. கல்லுக்கு எப்போதோ ஒருமுறை செல்லலாம். தோலுக்கு நாள்தோறும் செல்ல வேண்டும்.

இரண்டாவது, முகத்தைப் பதப்படுத்துதல். வெந்நீர் சில நிமிஷம் முகத்திலிருந்தால் மயிர் நீரை உண்டு மென்மையாகும். பின்பு சோப்பு நுரையைத் தடவுக. பொறுமையற்றவனுக்கு முதற் காயம் இங்கேதான் உண்டாகின்றது. உலர்ந்த மயிரைக் கத்தி அறுப்பதில்லை, இழுக்கின்றது.

மூன்றாவது, பிடித்தல். மூன்று விரல்கள் கத்தியின் கழுத்தின்மேலும், சிறுவிரல் பின்னே வளைந்த வாலின்மேலும், பெருவிரல் கீழேயும் நிற்க வேண்டும். தோலுக்கும் கத்திக்கும் ஏறக்குறைய 30 பாகை சாய்வு இருத்தல் நன்று. அதிகம் நிமிர்ந்தால் கீறும். அதிகம் படிந்தால் மயிரைப் பறிக்கும். மற்றைக் கையால் தோலை இழுத்துப் பிடித்தல் பாதி வேலையாகும். வாய் நீளும் திசையிற் கத்தியை எக்காரணம் பற்றியும் நகர்த்துதல் கூடாது. அங்ஙனம் நகர்த்துவது அரிவாளால் அறுப்பதேயாகும்.

நான்காவது, பொறுமை. முதல் வாரத்தில் கன்னம் ஒன்றே போதும். மீதியை வழக்கமான கருவியால் முடித்துக்கொள்க. அடுத்துத் தாடையோரம், அதன்பின் கழுத்து, இறுதியில் மோவாயும் மேலுதடும். மயிர் சாயும் திசையிலேயே மழிக்கப் பழகுக. எதிர்த்து மழித்தல் சில மாதங்கள் கழிந்த பின்னரே தகும். கீறல் பட்டால் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதும். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, ஈரம் அறவே போனபின் மடக்குக. ஈரமாக மடக்கிய கத்தி துருவுக்கு இரையாகும்.

ஒன்றை வற்புறுத்திக் கூறுகின்றோம். இக்கத்தி ஒருவன் தன் முகத்துக்கே உரியது. இரத்தத்தின் வழியே கொடிய நோய்கள் பரவும் என்பது அறிந்த இந்நாளில், கடையில் ஒவ்வொருவர்க்கும் புதிய பிளேடு மாற்றுதலே தருமம். பழங்கத்தியைக் கற்பது கைத்திறனைக் காக்கவேயன்றி, சுகாதாரத்தைக் கைவிடுதற்கன்று.

மாறிய காலம்

1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தொடங்கிய கம்பெனி, தேய்ந்தால் எறிந்துவிடும் மெல்லிய பிளேடைக் கொணர்ந்தது. 1903-ஆம் ஆண்டில் அது விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் போர்வீரர்க்காக வாங்கிய கருவிகளோ ஏறக்குறைய 35 லட்சம். இங்ஙனம் ஒரு தலைமுறைக்குள், தீட்டத் தெரியாமலே மழித்துக்கொள்ளும் காலம் வந்தது. நன்மை பல விளைந்தன, அதனை மறுப்பாரிலர். ஆயினும் கத்தியைக் காக்கும் அறிவு மக்கள் கையினின்றும் நழுவியது. பெர்ரே முதலியோர் எழுதி வைத்தமையால், மேனாட்டில் அவ்வறிவை விரும்புவோர் இன்றும் ஏட்டைத் திறந்து கற்கின்றனர். நம்மிடத்தில் அது முதியோர் மூச்சோடு போகின்றது.

வேண்டுகோள்

அன்பர்களே! அவ்விளைஞன் இரண்டு மாதம் பயின்று, இப்போது தன் கன்னத்தையும் தாடையையும் பாட்டனார் கத்தியாலேயே மழித்துக்கொள்கின்றான். முதல் நாள் மூன்றிடத்துக் கீறலுடன் வந்து நின்றவன், "தாத்தா, இத்தனை காலம் நம் வீட்டார் இதையா ஊரார் கழுத்தில் ஒரு கீறலின்றிச் செய்தார்கள்?" என்றான். அந்த ஒரு வினாவில் அவன் தன் முன்னோர்க்குச் செலுத்திய மரியாதை, மேடைப் பிரசங்கம் நூறினும் மேலானது. நம் தொழிலை இழிவென்று பிறர் கூறிய நாளில், அதன் அருமையை எடுத்துக்காட்டும் எழுத்து நம்மிடம் இருந்திலது. நம் பிள்ளைகளிற் பலர் அதனால் அக்கூற்றையே நம்பித் தலைகுனிந்தனர்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பத்தார் அனைவரையும் ஒன்று வேண்டுகின்றோம். வீட்டிலே வயது முதிர்ந்தோர் இருப்பின், இவ்வாரமே அவர் பக்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் அமர்க. தீட்டும் கல் எவ்வூரிலிருந்து வந்தது, தோலுக்கு எதைத் தடவினார், கட்டி கீறியபின் எப்பச்சிலையை வைத்தார், பாட்டியார் பேறுகாலத்தில் என்ன செய்தார் என்பனவற்றை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்க. இலக்கணப் பிழை இருப்பினும் குற்றமில்லை. இலத்தீன் அறியாத பாரே எழுதவில்லையா? எழுதியவற்றை இப்பத்திரிகைக்கு அனுப்பினால் பிறர்க்கும் பயன்படும்.

எம் தந்தையாரிடம் யாம் கேட்கத் தவறினோம். தோல்வாரின் ஓசை மாத்திரமே எமக்கு மிஞ்சியது. உங்களுக்கு அவ்வாறு நேராதிருக்குமாக.